ஆளுக்கு நாலு கிலோ

எங்கள் விமான நிலையத்தில் பெட்டியோடு சேர்த்து ஆளையும் எடை போடுவார்கள். வருவது ஒன்பது பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். முன்னால் ஒரே ஒரு விசிறி. ஆட்கள், மூட்டை முடிச்சு, எரிபொருள் எல்லாம் சேர்ந்து இவ்வளவு கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கணக்கு உண்டு. வெயில் ஏற ஏற அந்தக் கணக்கு குறையும். சூடான காற்று விமானத்தைத் தாங்காது என்பார்கள். முதலில் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். நாலு தடவை வந்துவிட்டால் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நிற்பார்கள்.

அந்தத் தராசுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்று எடை போட்டவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குத் தராசு அண்ணன். நான் அங்கே பெருக்கித் துடைக்கிறவள். வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருஷம் ஆகிறது. கூடம் ஒன்று, இரும்பு நாற்காலி இருபத்து நாலு, தண்ணீர்க் குழாய் ஒன்று, ஓடுபாதைப் பக்கம் கண்ணாடிக் கதவு ஒன்று. எங்கள் உலகம் அவ்வளவுதான்.

அண்ணன் ஒருவருடைய எடையையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆள் ஏறி நின்றதும், பின்னால் நிற்பவர்களைப் பார்த்து, "ரெண்டடி தள்ளி நில்லுங்கய்யா, காத்து வரட்டும்" என்பார். காற்றுக்காக இல்லை, முள்ளை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. பார்த்ததைப் பென்சிலால் தாளில் எழுதிக்கொண்டு, "இறங்குங்க, நல்லபடியா போயிட்டு வாங்க" என்பார். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வந்து எல்லாப் பிள்ளைகளையும் எடை பார்த்தாராம். இவர் முறை வந்தபோது எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டாராம். "அன்னையிலேர்ந்து எட்டாவது முடிக்கிற வரைக்கும் என் பேரு பூசணிக்கா" என்று சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

இரும்புக்கடைக்காரர் ஒருவர் அடிக்கடி வருவார். நல்ல கனமான உடம்பு. ஏறி நின்றதும், "தராசு, காலையில சாப்பிட்டது கணக்குல வராதுல்ல?" என்பார்.

"அது எனக்குத் தெரியாது முதலாளி. விமானத்தைத்தான் கேக்கணும்."

"விமானம் என்ன சொல்லும்?"

"மூச்சு வாங்கும்."

இப்படித்தான் நாள் போகும். அவர் மனதில் அழுக்கு இருந்து நான் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது அவர் செய்த தப்பைப் பற்றி.

அவருடைய மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கண் பார்வை போய்விட்டது. மிச்சம் இருந்தது வலது கண் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டே தையல் வேலை பார்ப்பார், பேப்பர் படிப்பார், தெருவில் போகிறவர்களைக் கேலி செய்வார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தவர், "ஏங்க, கண்ணு ஓரத்துல கறுப்புத் துணியை யாரோ இழுத்து மூடுற மாதிரி இருக்கு" என்றாராம். எங்கள் ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள்ளே இருக்கிற சவ்வு கழன்று வருகிறது, இரண்டு நாளுக்குள் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால் காப்பாற்றலாம், தள்ளிப் போட்டால் இருட்டுத்தான் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நேரமும் வாங்கிக் கொடுத்தார். ரோட்டு வழியாக மட்டும் போகவே கூடாது என்றார். நகரத்துக்குப் பஸ்ஸில் பதினான்கு மணி நேரம். அதில் பாதி குண்டும் குழியும். குலுங்கினால் மிச்சமும் கழன்றுவிடும்.

புதன்கிழமை மத்தியானம் விமானம் இருந்தது. அதை விட்டால் சனிக்கிழமைதான். அண்ணியின் தங்கை நகரத்தில் இருந்ததால் அங்கே வந்து கூட்டிக்கொண்டு போக ஆள் உண்டு. ஒரு சீட்டுக் கிடைத்தால் போதும். கிடைத்தது.

இங்கேதான் அண்ணன் முதல் பிசகைச் செய்தார். எங்களைப் போல அங்கே வேலை பார்க்கிறவர்களின் குடும்பத்துக்கென்று ஒரு சீட்டு உண்டு. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அதில் ஒரு நிபந்தனை. எடை கூடிப்போனால் முதலில் இறங்க வேண்டியவர் அந்தச் சீட்டுக்காரர்தான். இத்தனை வருஷமாகக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அந்தச் சீட்டில்தான் அவர்கள் வீட்டில் போய் வந்தார்கள். இந்தத் தடவையும் கை பழக்கத்தில் அந்தத் தாளையே எடுத்து எழுதிவிட்டது. மற்றவர்களைப் போல டிக்கெட் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிறகு என்னிடம், "பேனா ஓடிருச்சும்மா, புத்தி பின்னால நின்னுருச்சு" என்றார்.

புதன்கிழமை நல்ல வெயில். கண்ணாடிக் கதவைத் தொட்டால் சுட்டது. பைலட் வந்து, இன்றைக்குச் சூடு அதிகம், எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா கண்டிப்பானவர், ஆனால் கொடுமைக்காரர் இல்லை. தபால் மூட்டை இரண்டையும் இறக்கச் சொன்னார். பெட்டி ஏற்றுகிறவனை நாங்கள் ஒட்டடைக்குச்சி என்போம், அவ்வளவு நெட்டை. அவன் முணுமுணுத்துக்கொண்டே மூட்டைகளை இறக்கினான்.

அண்ணன் ஒவ்வொருவராக ஏற்றி இறக்கினார். இரும்புக்கடைக்காரர், ஒரு வாத்தியார், கைக்குழந்தையோடு ஒரு பெண், இன்னும் ஐந்து பேர். கடைசியில் அண்ணி. அண்ணி ஏறி நின்று, "என்னைப் பாக்காதீங்க, முள்ளைப் பாருங்க" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை.

மேசையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டினார். நான் பக்கத்தில்தான் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு கிலோ அதிகம். எனக்கு அப்போது அது தெரியாது. அவர் முகம் வெளுத்ததுதான் தெரிந்தது. அண்ணி எதிரே நாற்காலியில், மடியில் பையோடு, நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் குத்துகிறது என்று காலையிலிருந்தே அப்படித்தான்.

பிறகு அவர் மேசை டிராயரைத் திறந்து ரப்பரை எடுத்தார். பதினொரு வருஷத்தில் அவர் ரப்பர் எடுத்து நான் பார்த்ததில்லை. அழித்தார், எழுதினார். மறுபடி அழித்தார். எட்டுத் தடவை. தாளில் இருந்த ரப்பர்த் தூளை வாயால் ஊதிவிட்டு, எழுந்து போய்ப் பைலட்டிடம் கொடுத்தார். ஊதிய தூள் நான் துடைத்த தரையில் விழுந்தது. குனிந்து துடைத்தேன். என்ன அண்ணே என்று நான் கேட்கவில்லை.

எல்லோரும் ஏறினார்கள். விமானம் ஓடுபாதையின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்ட நடுவில் ஒரு துணிப்பை தொங்கும். எந்த நாளிலும் அந்தப் பையைத் தாண்டுவதற்குள் சக்கரம் தரையை விட்டுவிடும். அன்றைக்குப் பையைத் தாண்டியது. சக்கரம் தரையில்தான் இருந்தது. இன்னும் ஓடியது. கோடியில் மரங்கள். ஒட்டடைக்குச்சி, "என்ன இது, ரோட்டு வழியாவே போயிரலாம்னு பாக்குறாரா?" என்றான். மரங்களுக்குக் கொஞ்சம் முன்னால் எழும்பி, உச்சிக் கிளைகளுக்கு மேலே, உரசிவிடுமோ என்கிற மாதிரி போனது. கிளைகள் ஆடின.

என் கையில் இருந்த துணியை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். தண்ணீர் முழங்கை வரை வழிந்திருந்தது. அண்ணன் கண்ணாடிக் கதவில் இரண்டு கையையும் வைத்து நின்றார். அந்தச் சூடு அவருக்கு உறைக்கவே இல்லை.

ஐந்து நிமிஷம் நின்றிருப்பார். பிறகு நேராக மேனேஜரம்மா அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"அம்மா, எடையைக் குறைச்சு எழுதிட்டேன்."

"யாரோடதை?"

"எல்லாரோடதையும். ஆளுக்கு நாலு கிலோ. மொத்தம் முப்பத்திரண்டு. அவளோடதை மட்டும் தொடல."

மேனேஜரம்மா அவரையே பார்த்தார். வையவில்லை. ரேடியோவை எடுத்து விமானத்தைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவில் பைலட்டின் குரல் வந்தது. "தெரிஞ்சுதும்மா. மரத்துல இலையை எண்ணிக்கிட்டேதான் வந்தேன். எழுதிக் குடுத்தவர் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

"இருக்கட்டும்" என்றார் பைலட்.

நகரத்துக்கு ஐம்பது நிமிஷம். எழும்பியதுதான் பெரிய கண்டம், அது தாண்டிவிட்டது, மேலே போன பிறகு பயமில்லை என்று மேனேஜரம்மா எங்களுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் ரேடியோவை விட்டு நகரவில்லை. அண்ணன் கூடத்துக்கு வந்தார். நாற்காலி இருபத்து நாலும் காலியாக இருந்தும், போய்த் தராசின் பலகை மேல் உட்கார்ந்தார். முள் ஓடி, அவர் எடையில் நின்று நடுங்கியது. ஒட்டடைக்குச்சி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் பொருட்கள் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவில் முழங்கால் போட்டேன். ஆண்டவனே, அந்த ஒன்பது பேரையும் அந்தக் குழந்தையையும் பைலட்டையும் தரையில் கொண்டு வை என்று கேட்டேன். ஒரு பாவமும் அறியாதவர்கள் என்று சொல்ல வந்து, அண்ணன் முகம் ஞாபகம் வந்து, அவரையும் சேர்த்துக்கொள் என்றேன். என்னையும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ரப்பரைப் பார்த்தவள் நான். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் நின்றிருக்கும்.

ஐம்பத்து நாலாவது நிமிஷம் மேனேஜரம்மா வெளியே வந்து, "இறங்கிட்டாங்க" என்றார்.

அண்ணன் எழுந்து நின்றார். அழவில்லை. ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். எட்டுப் பேருடைய எடையையும் உண்மையாக என்ன இருந்ததோ அப்படியே, ஒன்றுகூட மறக்காமல் எழுதினார். கீழே தான் செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இதை மேல அனுப்பாம என்னால இருக்க முடியாது" என்றார் மேனேஜரம்மா.

"அனுப்புங்கம்மா. அதுக்குத்தான் எழுதினேன்."

பதினைந்து நாளில் விசாரணைக்கு ஆள் வந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். ரப்பரால் அழித்ததைப் பார்த்தேன், கேட்காமல் இருந்துவிட்டேன் என்று நடந்ததை நடந்தபடியே சொன்னேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அண்ணனுக்கு வேலை போனது. தராசின் சாவியை மேசையில் வைத்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அப்புறம் மரக்கடை ஒன்றில் பலகை அடுக்குகிற வேலைக்குச் சேர்ந்தார். கிடங்கில் எடை போடுகிற வேலையும் வந்ததாம். வேண்டாம் என்றுவிட்டார்.

அண்ணிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குள் காற்று மாதிரி எதையோ அடைத்திருக்கிறார்கள், அது கரைகிற வரை விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். ஆறு வாரம் தங்கை வீட்டில் இருந்தார். இங்கே நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. போனில் சொல்கிற விஷயமா அது. எல்லாம் ஆறிய பிறகு தங்கை வீட்டுக்காரர் காரில், நிறுத்தி நிறுத்தி இரண்டு நாளாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்த அன்று நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அண்ணி அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "எனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதா, இல்ல நெஜமாவே இளைச்சுட்டீங்களா? தராசுக்காரருக்கே எடை குறைஞ்சா ஊரு என்ன பேசும்?"

அண்ணன் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மழுப்பவில்லை. நான் எழுந்து போகப் பார்த்தேன், அண்ணி கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

அண்ணி தன் விரல்களைப் பார்த்தபடி பேசினார். "எனக்கு முன் சீட்டுல ஒரு பொண்ணு இருந்தா. அவ தோளுக்கு மேலால கையை நீட்டி அந்தக் குழந்தை என் விரலைப் பிடிச்சுக்கிட்டே வந்துது. அவளுக்கும் குறைச்சீங்களா?"

"குழந்தையோட சேத்துத்தான் நிறுத்தேன். அவளுக்கும் நாலு."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார். "எட்டுப் பேருக்கும். உள்ளூர்ல இருக்கிறவங்களுக்கு நேர்ல, மத்தவங்களுக்கு எழுதிப் போடுங்க."

"நீயும் வர்றியா?"

"நான் வரமாட்டேன். என் கண்ணைக் காட்டி இரக்கம் வாங்குறதுக்கா?" என்னைப் பார்த்து, "நீ கூடப் போயிட்டு வாம்மா. இவருக்குக் கதவைத் தட்டக் கை வராது" என்றார்.

உள்ளூரில் ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டு பேர், போனது போகட்டும் என்றார்கள். வாத்தியார் கேட்டு முடித்ததும் வாசலைக் காட்டினார். இரும்புக்கடைக்காரர் மட்டும் ஆணிப் பெட்டி மேல் எங்களை உட்கார வைத்தார். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கேட்டிருக்கலாமே தராசு. எனக்கு அங்க போய் ஒரு வேலையும் கிடையாது. மச்சான் வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பண்ணப் போனேன். போய் அதையும் பெருசாக்கிட்டுத்தான் வந்தேன். கண்ணு விஷயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இறங்கியிருப்பேன்ல? நான் ஒருத்தன் இறங்கியிருந்தா உன் வீட்டம்மா மாதிரி மூணு பேர் போயிருக்கலாமே."

இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. யாரையும் சங்கடப்படுத்தாமல் எடை போட்டே பழகியவருக்கு, எட்டுப் பேர் முன்னால் நின்று எனக்காக ஒருத்தர் இறங்குங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அழிப்பது சுலபமாக இருந்தது. தெருவுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கடைசியாக அந்தக் கைக்குழந்தைக்காரி வீடு. மாடியில் ஒற்றை அறை. கொடியில் சின்னச் சின்னத் துணிகள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள். இருபத்தைந்து வயது இருக்கும். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இவங்கப்பா அங்கதான் வேலை பாக்குறாரு. மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றாள். "அன்னைக்குக் குழந்தைகிட்ட மரத்தைக் காட்டிக்கிட்டே போனேன். பக்கத்துல தெரிஞ்சுது. பாரு பாரு, கிளை ஆடுதுன்னு சொன்னேன்."

அண்ணன் கையைக் கூப்பினார்.

"நாளை கழிச்சு டிக்கெட் எடுத்திருக்கேன். இப்ப நான் எப்படி ஏறுறது?"

"இப்ப வேற ஆள்மா" என்றார் அண்ணன். "நான் அங்க இல்ல."

"உங்களைத்தான் எனக்குத் தெரியும். நீங்களே இப்படின்னா, தெரியாத ஆளை எப்படி நம்புறது?"

நான் இடையில் புகுந்தேன். "நான் அங்கதான்மா இருப்பேன். தராசு பக்கத்துலேயே நிக்கிறேன். கடவுள் மேல பாரத்தைப் போட்டு வா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்கும் நீங்க அங்கதானே இருந்தீங்க?"

இறங்கி வந்தோம்.

அவள் சொன்ன நாளில் வந்தாள். குழந்தைக்குப் புதுத் தொப்பி. வரிசையில் நின்றாள். புதிதாக வந்திருக்கிற பையன் சூட்டிகையானவன். ஒவ்வொருவர் எடையையும் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுகிறான், அவனுக்கு அப்படி உத்தரவு. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தராசு பக்கத்தில் போய் நின்றேன். அவளுக்கு முன்னால் இருந்தவர் இறங்கினார். "அடுத்து வாங்க" என்றான். அவள் ஒரு காலைப் பலகை மேல் வைத்தாள். அப்படியே நின்றாள். கண்ணாடிக் கதவு வழியாக அந்த மரங்களைப் பார்த்தாள். காலை எடுத்துவிட்டாள். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலில் நின்ற ஆட்டோக்காரனிடம் பஸ் நிலையம் என்று சொன்னது என் காதில் விழுந்தது.

சாயங்காலம் மரக்கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணன் எனக்காகவே வாசலில் நின்றார். சட்டையெல்லாம் மரத்தூள்.

"அந்தப் பொண்ணு ஏறினாளாம்மா?"

ஏறினாள் அண்ணே என்று சொல்லிவிடலாம். யாருக்கு நஷ்டம். அவர் இன்றைக்காவது நிம்மதியாகச் சாப்பிடுவார். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆண்டவன் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஏறலண்ணே. பஸ்ஸுல போனா."

"குழந்தையோடயா?"

"ஆமாண்ணே."

தலையை ஆட்டினார். பதினான்கு மணி நேரத்தை மனதுக்குள் கூட்டிப் பார்க்கிற மாதிரி விரல்கள் அசைந்தன. "விடியக்காலம் போய்ச் சேருவா" என்றார். உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டார். போனார்.